சின்னப் படகில் சாமான் வைக்க இடம் பண்ணுவது எப்படி? புதுசாக இறங்குகிறவர்களுக்கு

சித்திரையில் கண்மாய் வற்றி, படகைக் கரையேற்றிப் புளியமரத்தடியில் கவிழ்த்துப் போட்ட பிறகுதான் இந்த வேலைக்கே நேரம் கிடைக்கும். தண்ணீர் கிடக்கும்போது நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று ஓடிவிடும். ஃபைபர் (கண்ணாடியிழை) வேலைக்குக் காய்ந்த படகும் காய்ந்த நாளும் வேண்டும், அதனால் கோடையை விட்டால் வேறு காலம் இல்லை. ஐப்பசி மழை தொடங்கும்போது எல்லாம் முடிந்து, படகு நல்லாக் காய்ந்து, மணம்கூடப் போயிருக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது 14 அடி ஃபைபர் படகு. தொண்டிப் பக்கம் பழசாக வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி, சோழவந்தானுக்கு மேற்கே எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கொண்டுவந்தது. உள்ளே மூன்று குறுக்குப் பலகை, முன்னால் ஒரு மூடிய பெட்டி, பின்னால் ஒரு மூடிய பெட்டி, வேறெதுவும் கிடையாது. இரண்டு பேர் ஏறினால் வலை ஒரு பக்கம், மீன் கூடை ஒரு பக்கம், சாப்பாட்டுத் தூக்கு காலடியில், செல்போன் சட்டைப் பையில் என்று நெருக்கடி. கால் வைக்க இடமில்லாமல் வலை மேலேயே மிதித்து நின்றுதான் வலை போட்டோம். இந்த மாதிரிப் படகு வைத்திருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பரிசலுக்கு இது எதுவும் ஒத்துவராது, அதில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டிவைத்தால் போதும்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதுசாக வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இதே யோசனைதான் முதலில் வருகிறது. முன்னால் மூடிய பெட்டி இருக்கிறது என்றேன் இல்லையா, தட்டினால் ‘டொங்கு டொங்கு’ என்று கேட்டது. உள்ளே சும்மாதானே இருக்கிறது என்று கிரைண்டரை எடுத்து ஒரு முழம் அகலத்துக்கு வெட்டி, கீல் வைத்துக் கதவு போட்டேன். கயிறு, சாப்பாடு, மாற்று வேட்டி எல்லாம் அதற்குள் போனது. பார்க்க அத்தனை லட்சணமாக இருந்தது. அந்த மார்கழியில் கண்மாய்க்குள் மூழ்கிக் கிடந்த கருவேல மரத்து அடிக்கட்டை ஒன்று படகின் அடியில் குத்தியது. பெரிய ஓட்டை இல்லை, கட்டைவிரல் நுழைகிற அளவு. ஆனால் நான் தண்ணீர் இறைக்கும் கோப்பையைத் தேடி எடுப்பதற்குள் தண்ணீர் கதவு வழியாக முன்பெட்டிக்குள் போய்விட்டது, படகு மூக்கைக் கீழே போட்டுக் குத்திட்டு நின்றது. மார்பளவுத் தண்ணீர் என்பதால் பிழைத்தோம். இரண்டு வலையும் ஒரு செல்போனும் போயின. கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமா சொன்னது ஒரே வரிதான்: “காத்து பாவம், வாடகை கேக்காம குடியிருந்துச்சு, அதைக் காலி பண்ணிட்டியே மாப்ள.”

அந்த மூடிய பெட்டிகள்தான் படகில் தண்ணீர் நிறைந்தாலும் அதை மிதக்க வைக்கிறவை. ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது, தானாக மிதக்காது. ஒரு கன அடி காற்று, அதாவது 28 லிட்டர், சுமார் 28 கிலோ எடையைத் தண்ணீரில் தாங்கும். என் முன்பெட்டி மூன்று கன அடிக்கு மேல் இருந்தது. 80 கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்றை நான் வேட்டி வைக்கிற அலமாரியாக மாற்றியிருக்கிறேன். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் படகு முழுக்கத் தட்டிப் பாருங்கள். எங்கெல்லாம் வெற்று ஒலி கேட்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். அந்த இடங்களில் கத்தியும் படக்கூடாது, டிரில்லும் படக்கூடாது. வாங்கும்போதே யாராவது வெட்டித் தொலைத்திருந்தால், அந்தப் பெட்டிக்குள் மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை நெருக்கமாக அடுக்குங்கள், 14 பாட்டிலுக்கு ஒரு கன அடி கணக்கு வரும். நானும் கடைசியில் அதைத்தான் செய்து, கதவை நிரந்தரமாக மூடி ஃபைபர் போட்டுவிட்டேன்.

சரி, இனி வேலை.

எவ்வளவு ஏற்றலாம் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. அதற்குக் கண்மாயில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்க வேண்டும், அதனால் மாசி பங்குனியிலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள். வெறும் படகை முழங்கால் தண்ணீரில் விட்டு, வெளிப்பக்கம் தண்ணீர் தொடும் இடத்தில் நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். அப்புறம் வழக்கமாகப் போகிற ஆட்கள் ஏறி அவரவர் இடத்தில் உட்காருங்கள், மறுபடி டேப். அடுத்து 20 லிட்டர் தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், ஒரு கேன் 20 கிலோ, கணக்கு சுலபம். என் படகு தண்ணீரைத் தொடும் நீளம் 4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், முனை கூம்பிப் போவதைக் கழித்தால் முக்கால் பங்கு, ஆகச் சுமார் 3.6 சதுர மீட்டர். அப்படியென்றால் 36 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். அஞ்சு கேன் வைத்தால் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். தாளில் போட்ட கணக்கும் டேப்பும் ஏறக்குறைய ஒத்துப்போவதைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லாம் ஏற்றிய பிறகு படகின் விளிம்பில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் இருக்க வேண்டும், இது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. கண்மாய்க்கு இது தாராளம். வைகை அணையில் போடுகிறவர்கள் இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். 71 அடி அணை நிறைந்து கிடக்கும்போது ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கினால் அங்கே எழும்பும் அலையைக் கண்மாய்க்காரர்கள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அப்புறம் ஒன்று, அணையானாலும் குத்தகைக் கண்மாயானாலும் அனுமதி இல்லாமல் படகை இறக்காதீர்கள், கடலுக்குக் கொண்டுபோகிற படகு என்றால் மீன்வளத் துறைப் பதிவு வேறு இருக்கிறது, மாற்றம் செய்யும் முன் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலைக்குக் காசு செலவில்லை. ஃபிரிட்ஜ் வரும் அட்டைப் பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கி, நீங்கள் செய்ய நினைக்கிற பெட்டி, தட்டு, அறை எல்லாவற்றையும் அட்டையிலேயே நிஜ அளவில் வெட்டி ஒட்டிப் படகுக்குள் வையுங்கள். பிறகு படகைத் தரையில் வைத்தே ஏறி இறங்குங்கள், துடுப்புப் போடுவது மாதிரி கையை வீசுங்கள், வலை இழுப்பது மாதிரி குனியுங்கள். தெருப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு இதில்தான் தெரிந்தது, நடுப்பலகைக்குப் பின்னால் நான் யோசித்த பெட்டி நான்கு விரல் அதிகம், துடுப்பு பின்னுக்கு வரும்போதெல்லாம் முழங்கை இடித்தது. அட்டையில் நான்கு விரல் வெட்ட ஒரு நிமிஷம். ப்ளைவுட்டில் போட்டு ஃபைபர் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் அரைநாள் போயிருக்கும்.

எதை எங்கே வைப்பது? கனமானது நடுவில், தாழ்வாக. லேசானது முனைகளில். இவ்வளவுதான் விதி, ஆனால் ஆசை இதை மீறச் சொல்லும். பலகைக்கு மேலே தட்டு அடித்தால் கைக்கு எட்டும் என்று தோன்றும், அடிக்காதீர்கள். ஈர வலையை முழங்கால் உயரத்தில் வைத்திருக்கும் படகு, ஒருவர் எழுந்து நின்றாலே தொட்டில் மாதிரி ஆடும். முன்னால் கனம் சேர்ந்தால் மூக்கு அமுங்கித் திரும்பாது, பின்னால் சேர்ந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு காற்றில் சுழலும்.

ஐஸ் பெட்டி எல்லாருக்கும் தேவையா என்றால், இல்லை. விடிகாலை வலை எடுத்து, கரையிலேயே ஜிலேபி மீனும் கெண்டையும் விற்றுத் தீர்ந்துவிடுகிற இடத்தில் ஈரச் சாக்கு போதும். மதுரை மார்க்கெட்டுக்குக் கட்லா, ரோகு கொண்டுபோகிறவர்களுக்கும், தூண்டில் போட்டு நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கும்தான் பெட்டி வேண்டும். அப்படி வேண்டும் என்றால் நீங்களே செய்யாதீர்கள், ரெடிமேடாக விற்கிற 70 லிட்டர் பெட்டியை வாங்கி, அது நகராமல் உட்கார ஒரு பள்ளம் மட்டும் செய்யுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு மீனும் ஐஸும் சரிபாதி எடை வைக்க வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் மூன்று கிலோ மீனைக் குளிரவைக்கவே ஒரு கிலோ ஐஸ் கரைந்துவிடும், மீதி ஐஸ் பெட்டிச் சுவரோடு போராடத்தான். 70 லிட்டரில் சுமார் 25 கிலோ மீனும் 25 கிலோ ஐஸும் பிடிக்கும், பெட்டி எடையும் சேர்ந்து 60 கிலோ, கிட்டத்தட்ட ஒரு ஆள். அந்த ஆளைப் படகின் நடுக்கோட்டில், நடுப்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையில் உட்காரவையுங்கள்.

தெர்மாகோல் வைத்து நானே பெட்டி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைபர் ஒட்டுகிற பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோல் மேல் பட்டால் அது கற்பூரம் மாதிரி கரைந்து போகும். பெட்ரோல் பட்டாலும் அதே கதை. 2017-ல் வைகை அணையில் தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டுத் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கப் பார்த்து, அது காற்றில் கரைக்கு ஒதுங்கி, ஊரே சிரித்த பிறகும் மதுரைக்காரர்களுக்குத் தெர்மாகோல் மேல் உள்ள பாசம் போகவில்லை. மிதவைக்கோ குளிர்ப்பெட்டிக்கோ பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் வாங்குங்கள், அது ரெசினுக்குத் தாங்கும். வேறு வழியே இல்லையென்றால் தெர்மாகோலைக் கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டிய பிறகு மேலே ஃபைபர் போடுங்கள்.

இனி ஃபைபர் ஒட்டுகிற வேலை, இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

ஐஸ் பெட்டிக்குப் பள்ளமும் வலை அறைக்குத் தடுப்பும் நான் 9 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டில் செய்தேன். கடையில் கேட்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், சாதா ப்ளைவுட் ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி பிரியும். வெட்டிய ஓரங்களுக்கு ரெசினை இரண்டு தடவை பூசி ஊறவிடுங்கள், தண்ணீர் நுழைவது ஓரத்தில்தான்.

படகின் உட்பக்கம் ஒட்டப்போகிற இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, 60-ம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். அந்தப் பளபளப்பின் மேல் எதுவும் ஒட்டாது, ஒட்டியது மாதிரி நடித்து ஆறே மாதத்தில் பொருக்கு பொருக்காக எழும்பும். பிறகு அசிட்டோன் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. தேய்க்கும்போது வருகிற தூசு கண்ணாடித் தூசு, மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் உட்காரக்கூடாது. வேலை முடிந்ததும் உடம்பைத் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள். வெந்நீரில் குளித்தேன், அன்றிரவு முழுக்கச் சொறிந்தேன்.

ரெசின் கடையில் ‘ஆக்சிலரேட்டர் கலந்ததா, கலக்காததா’ என்று கேட்டு, கலந்ததையே வாங்குங்கள். கலக்காத ரெசின் என்றால் ஆக்சிலரேட்டரான கோபால்ட் ஒன்றும், ரெசினை இறுகவைக்கிற கேட்டலிஸ்ட் ஒன்றும் தனித்தனிக் குப்பியில் தருவார்கள். அவை இரண்டும் நேருக்கு நேர் சேரவே கூடாது, சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் குப்பியைத் திறக்க வேண்டும். கேட்டலிஸ்ட் அளவு, ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி, அதாவது சுமார் ஒரு சதவீதம். இரண்டு சதவீதம்வரை போகலாம் என்பார்கள், ஆனால் சித்திரை வெயிலில் 10 மில்லிக்கே ரெசின் கையிலேயே இறுகிவிடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுங்கள், ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். மீந்துபோன ரெசின் கோப்பையிலேயே சூடேறிப் புகையும், அதைச் சருகுக்குள் வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

தடுப்புப் பலகையை இடத்தில் நிறுத்தி, படகோடு சேரும் மூலையில் ரெசினோடு டால்கம் பவுடர் கலந்த விழுதை விரலால் இழுத்து வளைவாக நிரப்புங்கள். மூலை கூராக இருந்தால் மேட் (கண்ணாடியிழை விரிப்பு) மடங்காது, உள்ளே காற்று நிற்கும். விழுது இறுகியதும், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை நான்கு அங்குலப் பட்டையாகக் கிழித்து (வெட்டாதீர்கள், கிழித்த ஓரம்தான் நன்றாகப் படியும்) பாதி படகிலும் பாதி பலகையிலும் வருகிற மாதிரி வையுங்கள், அதன்மேல் ஆறங்குலப் பட்டை இன்னொன்று. மேட் எடையைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே ரெசின் பிடிக்கும். பிரஷை இழுக்காமல் குத்திக் குத்தி எடுங்கள். வெள்ளையாக இருந்த மேட் ரெசினைக் குடித்துக் கண்ணாடி மாதிரி தெளியும், எங்கே வெள்ளைப் புள்ளி நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது, அது போகும்வரை குத்துங்கள்.

பலகையை ஒட்டும் முன்பே அதன் அடியில் நடுக்கோட்டில் இரண்டு விரல் நுழைகிற அரைவட்டம் வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தடுப்பிலும். மழைத்தண்ணீரும் வலைத்தண்ணீரும் அந்த வழியாகப் பின்னால் ஒரே இடத்துக்கு ஓடிவர, அங்கே உட்கார்ந்து கோப்பையால் இறைத்துவிடலாம். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு அறையும் ஒரு குட்டிக் கண்மாய். கோப்பைக்கு ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைச் சாய்வாக வெட்டினால் போதும், கைப்பிடி அதிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கயிற்றால் பலகையோடு கட்டிவையுங்கள், அந்த மார்கழியில் நான் தேடிய கோப்பை வலைக்கு அடியில் கிடந்தது.

வலை அறைக்கு நான் தக்காளி டிரேதான் வைத்திருக்கிறேன். தண்ணீர் வடியும், அப்படியே தூக்கிக் கரையில் வைக்கலாம். உள்ளே சாக்கைத் தைத்துவிட்டேன், இல்லாவிட்டால் நரம்பு (நைலான்) வலை டிரேயின் ஓட்டை ஓட்டையில் மாட்டும். வலைக்காரர்களுக்குப் படகில் ஒரே ஒரு ஸ்க்ரூ தலை நீட்டிக்கொண்டிருந்தாலும் எதிரிதான். ஒரு தடவை வலை விட்டுக்கொண்டே போகும்போது எங்கேயோ பிடித்து இழுத்தது, பார்த்தால் கீல் ஓரத்து ஸ்க்ரூவின் பள்ளத்துக்குள் ஒரே ஒரு நரம்பு, தலைமுடி கனம்கூட இல்லை, அது மொத்த வலையையும் நிறுத்தி வைத்திருக்கிறது. அதிலிருந்து எல்லா போல்ட்டுக்கும் குமிழ் நட்டு, ஸ்க்ரூ தலை மேல் எல்லாம் எம்-சீல் உருண்டை. ஸ்க்ரூ 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும், கடல் என்றால் 316. துளை போட்ட இடத்தில் பி.யூ. சீலன்ட் வைத்து முறுக்குங்கள். சிலிக்கான் வேண்டாம், பிற்பாடு அந்த இடத்தில் பெயின்ட்டும் பிடிக்காது, ஃபைபரும் பிடிக்காது. படகின் அடிப்பக்கத்தில், எந்தக் காரணத்துக்காகவும், ஸ்க்ரூ போடாதீர்கள்.

நனையக்கூடாத சாமானுக்கு, இரும்பு வளையம் போட்டு மூடுகிற நீல டிரம்மில் சின்னது ஒன்று. முன்னால் எதுவும் வைத்திராத, வாய் சுத்தமான டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். செல்போன், தீப்பெட்டி, டார்ச், வேட்டி எல்லாம் அதில். மூடியிருந்தால் அது தன்பங்குக்கு மிதவையும்கூட. தூண்டில் கம்புகளுக்கு இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பை விளிம்புக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக கிளாம்ப் போட்டு மாட்டிவிட்டால் காலில் தட்டாது.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் காய்ந்த பிறகு, தண்ணீர் வந்ததும் நேராக ஆழத்துக்குப் போகாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில், பழைய கேன்களையே மறுபடி ஏற்றி, இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். விளிம்பு தண்ணீரைத் தொடுகிறது என்றால் எடையைக் குறைக்க வேண்டும், வேறு பேச்சில்லை. அடுத்து கேனையெல்லாம் இறக்கிவிட்டு, படகுக்குள் வாளியால் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். ஆமாம், விளிம்புவரை. படகு அமிழ்ந்தாலும் மட்டமாக, மேல்விளிம்பு தெரிகிற மாதிரி மிதக்க வேண்டும். ஒரு முனை மட்டும் கீழே போனால் அந்த முனையில் மிதவை பற்றவில்லை, பலகைக்கு அடியில் ஃபோமோ பாட்டிலோ சேர்த்து மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

நான் நிரப்பிய அன்று மாமாவும் வந்திருந்தார். விளிம்புவரை தண்ணீரோடு மட்டமாக மிதந்த படகைச் சுற்றி ஒரு நடை நடந்து, முன்பெட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “குடிவச்சுட்ட போல” என்றார். பிறகு அந்தத் தண்ணீரை இறைக்க இரண்டு பேருக்கும் முக்கால் மணி நேரம் ஆனது.